மூன்று தையல் கூடும் இடம்

இறங்கிப்போன மார்பை ஏற்றிவைத்துத் தைக்கிற அறுவைச் சிகிச்சை ஒன்று இருக்கிறது. அதை நான் செய்துகொண்டேன். ராஜபாளையத்தில், ஊர் உறவெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகக்கூடிய ஓர் ஆஸ்பத்திரியில். இப்போது புண் ஆறிவிட்டது. இதைப் பற்றி யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாமல் எத்தனையோ பெண்கள் செல்போனில் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் தேடவில்லை. எனக்குக் கேட்க ஆள் இருந்தது. வினையே அதுதான்.

அந்த ஆள் பேச்சியம்மாள். தளவாய்புரத்தில் நானும் அவளும் ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள், ஒரே வயது. ஒரே நைட்டி கம்பெனியில் வேலை. நான் துணி வெட்டுகிறேன், அவள் தைக்கிறாள். சின்னவள் என் வயிற்றில் இருக்கிற சேதியைக்கூட என் புருஷனுக்கு முன்னால் அவளிடம்தான் சொன்னேன். அவள் சில வருஷங்களுக்கு முன்பு மதுரைக்குப் போய் இதே ஆபரேஷனைச் செய்துகொண்டு வந்தபோது, கம்பெனியில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். அவள் சொன்னதை நம்பித்தான் நானும் செய்துகொண்டேன். அவள் சொன்னது பொய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் நான் எரிந்து விழுவது உங்களுக்குப் புரியாது.

எதற்காக இந்த ஆபரேஷன் என்று கேட்பீர்கள். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள் நான். சின்னவள் பிறந்த பிறகு உடம்பு ஏகத்துக்குப் பெருத்தது. சர்க்கரை வரப்போகிறது என்று டாக்டர் மிரட்டியதும் நடந்து நடந்து இளைத்தேன். சதை போனது, தோல் போகவில்லை. பை பெரிது, உள்ளே அரிசி கொஞ்சம் என்கிற நிலைமை. கோடையில் மார்புக்கு அடியில் வியர்த்துக்கொண்டே இருக்கும், மடிப்பில் புண் வந்துவிடும், பவுடரைக் கொட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். இது வெளியில் சொல்லும் காரணம். உள்ளே இருந்தது ஆசை. புடவைக்கு ஆசைப்படலாம், நகைக்கு ஆசைப்படலாம், பல் வரிசையாக இருக்கக் கம்பி போட்டுக்கொள்ளலாம், இதற்கு ஆசைப்பட்டால் மட்டும் பொம்பளை கெட்டுப்போனவளா? நாள் முழுக்க நைட்டி வெட்டுகிறவள் நான். உடம்பு எப்படி இருந்தாலும் தெரியாமல் மூடுவதற்கென்றே உள்ள உடை அது. எனக்கு ஒரு ரவிக்கை ஒழுங்காக நிற்க வேண்டும் என்று இருந்தது.

பேச்சிக்கு நின்றது. மதுரையிலிருந்து வந்த பிறகு அவளுக்கு ரவிக்கை வெட்டியதே நான்தான். டேப்பை வைத்தபோதே அளவு மாறியிருப்பது தெரிந்தது. "காட்டு, பாப்போம்" என்று கேட்டேன். "போ அங்கிட்டு, வெக்கங்கெட்டவளே" என்று சிரித்துக்கொண்டே கையைத் தட்டிவிட்டாள். நானும் சிரித்தேன்.

என் புருஷன் ராஜபாளையத்தில் நூற்பாலையில் வேலை பார்க்கிறார். விஷயத்தைச் சொன்னதும் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் ஒண்ணும் கொற சொல்லலையே" என்றார். "ஒங்களுக்காகப் பண்ணுதேன்னு யாரு சொன்னா?" என்றேன். மறுநாள் அவர் மில்லில் லீவு கேட்டுவைத்தார். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது அழகுக்கான சிகிச்சை என்பதால் காப்பீட்டு அட்டையெல்லாம் பெரும்பாலும் செல்லாது. என் சீட்டுப் பணம்தான் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

மதுரையிலிருந்து வாரம் ஒரு தடவை ராஜபாளையம் வந்து போகிற டாக்டரம்மா ஒருவரைப் போய்ப் பார்த்தேன். பேச்சியும் கூட வந்தாள். டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்தார். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே இறங்கும் ஒரு நேர்கோடு, மார்பின் அடி மடிப்பில் ஒரு படுக்கைக்கோடு. இந்தக் கோடுகள் வழியாக மிச்சத் தோலை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கிற சதையைக் கூட்டித் தைத்து, காம்பை அதன் ரத்தக்குழாய்களோடு மேலே நகர்த்தி வைப்பார்களாம். இதனால் மார்பு பெரிதாகாது, இருப்பது ஏறி நிற்கும், அவ்வளவுதான். படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரே குதூகலம். டார்ட் பிடிப்பது எனக்குத் தெரியாதா? எங்கே எவ்வளவு மடக்கினால் துணி எங்கே தூக்கும் என்பது என் கைக்குத் தெரிந்த வித்தை. "அடியில இம்புட்டு எடுத்தா மேல இழுக்காதா டாக்டர்?" என்று கேட்டேன். அவரே ஆச்சரியப்பட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தையலைப் பற்றி என்னென்னவோ கேட்டேன். தோலைப் பற்றிக் கேட்கவே இல்லை. துணிக்கு ரத்த ஓட்டம் கிடையாது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

டாக்டரம்மா சொல்ல வேண்டியதைச் சொன்னார், அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நேர்கோடும் அடிக்கோடும் சந்திக்கிற இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "இந்த இடத்துலதான் மூணு பக்கத்துத் தையலும் வந்து கூடுது. இழுவை ஜாஸ்தி, ரத்த ஓட்டம் கம்மி. சிலருக்கு இங்க புண் பிரியும். காம்புல உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பி வராமலும் போகலாம். தழும்பு மங்கும், ஆனா மறையாது. ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒண்ணுபோல இருக்காது. வயசாக ஆக மறுபடியும் இறங்கும். இன்னொரு குழந்தை பெத்துக்கிற யோசனை இருந்தா இப்ப வேண்டாம்" என்றார்.

டாக்டரம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிய நேரம் பேச்சியின் முகத்தைப் பார்த்தேன். "ஒனக்கு?" என்று மெல்லக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் ஆகலட்டி" என்றாள். "இது எல்லாத்துக்கும் ஒப்பிக்கிறது. பஸ்ல புகை பிடிக்காதன்னு எழுதிப் போட்டிருப்பாம்லா, அந்த மாதிரி."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஒரு டாக்டர் சொன்னதையும் என் சிநேகிதி சொன்னதையும் தராசில் வைத்தால் எனக்கு எந்தத் தட்டு இறங்கும் என்பது பேச்சிக்குத் தெரியும்.

பிறகு பரிசோதனைகள். ரத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பைக் கோடாக வரைகிற ஈசிஜி. மேமோகிராம் என்று மார்பை மட்டும் எடுக்கிற எக்ஸ்ரே ஒன்று உண்டு. இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அமுக்குவார்கள், செத்த நேரம் உயிர் போய் வரும். கத்தி வைப்பதற்கு முன்னால் உள்ளே வேறு ஏதும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்வதற்காம். அதற்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் செட்டியார்பட்டிக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு நிஜமாகவே கட்டி. "ஒங்களுக்கும் கட்டியா அக்கா?" என்று கேட்டாள். ஊரில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தோம், அதனால் ஆமாம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பெயரைக் கூப்பிடுகிற வரையில் விடவில்லை. அந்தக் கை எனக்கு நெருப்பாகச் சுட்டது.

ஆபரேஷன் அன்று காலை என்னை நிற்க வைத்து மார்க்கர் பேனாவால் உடம்பில் கோடு போட்டார்கள். படுத்துவிட்டால் மார்பு பக்கவாட்டில் ஒதுங்கிவிடும், அளவு தப்பிவிடும், அதனால் நிற்கும்போதே போட வேண்டும். இத்தனை காலம் மற்றவர்கள் உடம்புக்குச் சாக்கட்டியால் கோடு போட்டவள், அன்று வெட்டப்போகிற துணியாக நின்றேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பிறகு கையில் ஊசி, முகத்தில் மாஸ்க். கண் விழித்தபோது நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் இறுக்கம். இரண்டு பக்கமும் மெல்லிய குழாய்கள் தொங்கின. உள்ளே தேங்குகிற ரத்தமும் நீரும் வடிவதற்கு அவை, எல்லாருக்கும் வைப்பதில்லை, சீக்கிரமே எடுத்துவிடுவார்கள். வலி என்று பார்த்தால் நான் பயந்த அளவுக்கு இல்லை. கையைத் தூக்க முடியாது, திரும்பிப் படுக்க முடியாது, இருமினால் தைத்த இடமெல்லாம் எழுந்து நிற்கும்.

அப்புறம் வந்தார்கள் பார்க்க வருகிறவர்கள். எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் பார்க்காமல் விட்டால் பகை. என் மாமியாரின் தங்கை கட்டிலில் உட்கார்ந்து, "எம்புட்டுப் பெருசுடி இருந்துச்சு கட்டி?" என்று கேட்டார். "நெல்லிக்கா அம்புட்டு இருந்துச்சு சின்னத்தே" என்று பேச்சி எனக்காகப் பதில் சொன்னாள். சாயங்காலம் வந்தவர்கள் கேட்டபோது அது எலுமிச்சம்பழமாகியிருந்தது. எல்லாரும் போன பிறகு நானும் பேச்சியும் சிரித்தோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது சிரிக்க வைக்காத என்று கெஞ்சினேன். இவ்வளவு சரளமாகப் பொய் சொல்லுகிறாளே என்று அப்போது எனக்கு அவள்மேல் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு என் புருஷன் செய்ததைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும். கையைத் தலைக்குமேல் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அதனால் எனக்குத் தலை சீவ முடியாது. ஷிப்ட் முடிந்து வந்த மனுஷன், பஞ்சு ஒட்டிய கையைக் கழுவிவிட்டு, எனக்குப் பின்னால் உட்கார்ந்து சடை பின்னினார். முதல் நாள் கயிறு முறுக்கிய மாதிரி இருந்தது. பிள்ளைகள் கேலி பண்ணினார்கள். சில நாளில் எனக்கே பொறாமையாகும்படி பின்னக் கற்றுக்கொண்டார். மாமியார் புண் ஆறட்டும் என்று எங்கெங்கோ சொல்லிவைத்து விரால் மீன் வாங்கிக் குழம்பு வைத்தார். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிதான் போட வேண்டும், கம்பி இல்லாத இறுக்கமான உள்ளாடையை ராவும் பகலும் கழற்றக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும். ஒன்றரை மாதத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. இதெல்லாம் டாக்டரம்மா சொன்னவை. நீங்கள் செய்துகொள்வதாக இருந்தால் கடைசியாகச் சொன்னதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் நான் அதைத்தான் கேட்கவில்லை. தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்தது. கட்டு பிரித்த பிறகு எனக்கு வலி பெரிதாக இல்லை. "நீ எப்பட்டி வேலைக்கு வந்த?" என்று பேச்சியிடம் கேட்டேன். அவள் தன் ஆபரேஷனுக்குப் பிறகு நேராக அம்மா வீட்டுக்கு, கூமாப்பட்டிக்குப் போய் ரொம்ப நாள் இருந்துவிட்டு வந்தவள்.

"கட்டு பிரிச்ச மறுவாரமே நல்லா ஆயிட்டேன்" என்றாள். "கூமாப்பட்டில எங்கம்மா தோப்புல தேங்கா பொறுக்கிப் போட்டேன். டாக்டருங்க அப்படித்தான் பயங்காட்டுவாக. ஒடம்பு சொல்லும்லா நமக்கு."

உடம்பு சொல்லவில்லை. நான் கம்பெனிக்குப் போய், மேசைமேல் துணி ரோலைத் தூக்கி வைத்தேன். சுள்ளென்று கூட இல்லை. சற்று நேரம் கழித்து வலது பக்கம் ஈரமாக இருந்தது. கக்கூஸில் போய்ப் பட்டனை அவிழ்த்துப் பார்த்தேன். மூன்று தையலும் வந்து கூடுகிற அந்த மூலை வாயைத் திறந்திருந்தது. உள்ளே மஞ்சளும் சிவப்புமாக என் சதை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாரம் விழுந்தால் முதலில் பிரிவது மூன்று தையல் கூடுகிற முக்குதான் என்பது, நைட்டி வெட்டுகிற எனக்குத் தெரியாததா? தெரிந்திருந்தும் அவள் சொன்னதற்காகத் தூக்கினேன்.

டாக்டரம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். மறுபடி தைக்க முடியாது, கிருமி உள்ளே மாட்டிக்கொள்ளும், அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மூட வேண்டும், தினமும் சுத்தம் பண்ணி மருந்துத் துணி வைத்துக் கட்ட வேண்டும் என்றார். காம்பின் நிறம் கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். கறுத்தால் அந்த இடம் செத்துப்போகிறது என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அழகாக இருக்க ஆசைப்பட்டவளுக்கு, இருந்ததாவது தங்குமா என்று ஆகிப்போனது.

பேச்சிக்குப் போன் பண்ணி அழுதேன். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல ரெஜினாக்கான்னு ஒரு நர்சம்மா இருக்காக. வலிக்காமக் கட்டுவாக. ராஜபாளையத்துல கட்டுனா ஊருக்கே தெரியும், நீ அங்க போ" என்றாள். அவள் அக்கறையை நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன்.

என் புருஷன்தான் கூட்டிக்கொண்டு போனார். ரெஜினா அக்கா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், டாக்டர்கள் அனுப்புகிறவர்களுக்கு வீட்டு முன்னறையில் கட்டு மாற்றிவிடுகிறார். நல்ல மனுஷி. தண்ணீர் ஊற்றி நனைத்து நனைத்துப் பழைய துணியை எடுத்தார். புண்ணைப் பார்த்தார்.

"பேச்சியம்மா அனுப்புன ஆளா நீங்க?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"பயப்படாதீங்க. உங்களுக்கு ஒரு பக்கம்தான். அவளுக்கு ரெண்டு பக்கமும்ல பிரிஞ்சுபோச்சு. கூமாப்பட்டியிலயிருந்து பஸ்ஸேறி வருவா, பாவம். அவளுக்கே ஆறிருச்சு, உங்களுக்கு ஆறாதா?"

ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் கட்டி முடித்தது எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்ததும் என் புருஷன், "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு பால்கோவா பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் வரும்வரை பிரிக்கவில்லை.

புண் மூடுகிற வரையில் பேச்சியிடம் இதைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன். காம்பு கறுக்கவில்லை, பிழைத்தது. ஆனால் அந்தப் பக்கம் இன்றுவரை உணர்ச்சி இல்லை. வருமோ வராதோ, டாக்டரம்மா பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார். உருவத்தைக் கேட்டீர்களானால் நன்றாகத்தான் இருக்கிறது. ரவிக்கை நிற்கிறது. செய்துகொள்ளாதீர்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். செய்துகொண்டவள் ஒருத்தியிடம் கேட்கப்போனால், வாயால் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். கட்டு பிரித்த பிறகு என்னென்ன ஆனது என்று நோண்டி நோண்டிக் கேளுங்கள். அவள் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

புண் முழுதாக ஆறிய பிறகு ஒரு மத்தியானம் நானே பேச்சி வீட்டுக்குப் போனேன். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"ரெஜினாக்கா ஒன்னையக் கேட்டாக" என்றேன்.

மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ கூமாப்பட்டில தேங்கா பொறுக்கல" என்றேன்.

"இல்ல."

"ரெண்டு பக்கமும் பிரிஞ்சிருக்கு."

"ஆமா. எங்கம்மாட்டக்கூடக் கட்டின்னுதான் சொன்னேன்."

"ஏட்டி, நான் ஒங்கிட்டக் கேட்டேம்லா. டாக்டரம்மா ரூம்ல வச்சு, ஒன் மூஞ்சியப் பாத்துக் கேட்டேன்."

"சொல்லியிருந்தா நீ பண்ணியிருக்க மாட்ட."

"பண்ணியிருந்தாலும் பண்ணியிருப்பேன். ஆனா ரோலத் தூக்கியிருக்க மாட்டேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். "ஒத்தையில முடியலட்டி" என்றாள். "யார்ட்டயும் காட்ட முடியாது, சொல்ல முடியாது. எங்க வீட்டுல அவிய வெளக்கப் போடாதன்னுட்டாவ. தொட்டா வேற யாரையோ தொடுத மாதிரி இருக்கு. நீயும் பண்ணிக்கிட்டேன்னா நாம ரெண்டு பேரும் பேசிக்கிடலாம்னு நெனச்சேன்."

"எனக்கும் பிரியணும்னு நெனச்சியா?"

"அய்யோ, இல்ல. சத்தியமா இல்ல. ஆனா பிரிஞ்சிருச்சுன்னு நீ போன் பண்ணி அழுத பொறவு..." அவள் முடிக்கவில்லை. முடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. அவள் விட்ட இடத்தில் மிச்சம் என்ன என்பது எனக்குப் புரிந்துவிட்டது. என் அழுகை அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். என் முன்னால் வந்து நின்று நைட்டி பட்டன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். என்னுடையதைவிட மோசம். இரண்டு பக்கமும் அந்த மூலையில் தோல் சுருங்கித் தடித்துக் கருஞ்சிவப்பாக இறுகியிருந்தது. ஒரு காம்பு கீழே பார்த்துக் கோணிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். இவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அதை மறைக்க மாட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் லேசாகியிருந்தது. எவ்வளவோ நாளாகக் காத்திருந்தது கிடைத்துவிட்ட முகம்.

"இப்ப நீ காட்டுட்டி" என்றாள்.

என் புண்ணை டாக்டரம்மா பார்த்திருக்கிறார். ரெஜினா அக்கா பார்த்திருக்கிறார். சடை பின்னிய கையோடு என் புருஷன் பார்த்திருக்கிறார். நான் எழுந்து தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். பேச்சிக்குக் காட்டவில்லை.